சூடேறினதும் நிண்டுபோகும் பழைய கொரோல்லா: எங்கை தேடுறது?

நாவற்குழியான்:
வணக்கம். 1993 கொரோல்லா ஏஈ100, 5ஏ-எஃப்ஈ எஞ்சின், மனுவல் கியர். காலமை எடுத்தால் ஒரு குறையும் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு மேலை ஓடி எஞ்சின் நல்லாச் சூடேறின பிறகு திடீரெண்டு நிண்டுபோகுது. இழுபடாது, துள்ளாது. சாவியைத் திருப்பி ஓஃப் பண்ணினமாதிரித்தான் நிக்கும். ஸ்ரார்ட்டர் நல்லாச் சுத்தும், எஞ்சின் பிடிக்காது. பொனற்றைத் திறந்துவிட்டு 15, 20 நிமிசம் விட்டால் ஒண்டும் நடக்காததுபோலை ஸ்ரார்ட் ஆகும். மத்தியான வெயிலுக்கை ஆனையிறவு தாண்டி எடுக்கவே யோசினையாக் கிடக்கு.

இதுவரை மாத்தினது: பெற்றோல் பம், ஃபில்ற்றர், நாலு பிளக், பிளக் வயர் செற். பிழை அப்பிடியே இருக்கு. கராச்சில இப்ப ஈசீயூ (எஞ்சினை நடத்துற கொம்பியூற்றர்) மாத்தவேணும் எண்டுகினம். கொழும்பு பஞ்சிகாவத்தையில பழையது ஒண்டு பாத்தும் வைச்சிருக்கினம். காசு குடுக்க முதல் இங்கை கேப்பம் எண்டு எழுதிறன்.

வலிகாமம் வயர்மன்:
ஈசீயூவுக்கு இப்ப ஒரு சதமும் குடுக்காதேங்கோ. அது பழுதாகாது எண்டில்லை, ஆனால் பட்டியலில கடைசியில வாற சாமான். அதோடை ஏஈ100க்கு வாற ஈசீயூ எல்லாம் ஒண்டில்லை. பாட் நம்பர் பிழைச்சால் புதுசா இன்னொரு பிழை தொடங்கும்.

இந்த வகைப் பிழையில எல்லாரும் விடுற பிசகு, கார் நல்லா ஓடேக்கை சோதிக்கிறது. குளிர்ந்த எஞ்சினில எதை அளந்தாலும் சரியாத்தான் காட்டும். நிண்டுபோய்க் கிடக்கிற அந்த 15 நிமிசத்துக்குள்ள பாத்தால்தான் உண்மை தெரியும். அதுக்குக் காருக்குள்ள எப்பவும் மூண்டு சாமான் கிடக்கட்டும்: ஒரு மல்ரிமீற்றர், பழைய பிளக் ஒண்டு (உடம்பில குரோக்கடைல் கிளிப் போட்ட வயர் கட்டினது), ரெண்டு நுனியும் உரிச்ச ஒரு சாண் வயர்.

அதுக்கு முதல், சீற்றில இருந்தபடியே பாக்கக்கூடியது இருக்கு. நாலாம் கியரில போகேக்கை எஞ்சின் நிண்டால் உடனை கிளச்சை மிதிக்காதேங்கோ (பின்னாலை வாகனம் இல்லாட்டி மட்டும்). சில்லு எஞ்சினைச் சுத்திக்கொண்டுதான் இருக்கும். அந்த ரெண்டு செக்கனுக்குள்ள ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) முள்ளைப் பாருங்கோ. கார் ஓடிக்கொண்டிருக்கேக்கையே முள் சட்டெண்டு பூச்சியத்துக்கு விழுந்தால், இக்னிஷன் பக்கம் துடிப்பு அறுந்துபோச்சு. வேகம் குறையக் குறைய முள்ளும் ஆறுதலா இறங்கினால் இக்னிஷன் இருக்கு, பெற்றோல்தான் வரேல்லை. இந்த முள்ளுக்குக் கரண்ட் துடிப்பு வாறது இக்னைற்றர் (பொறிக்காகக் கொயில் கரண்டை வெட்டி விடுற சாமான்) பக்கத்தில இருந்து. அதாலை இது நம்பக்கூடிய சாட்சி.

அடுத்தது டாஷ்போர்ட் லைற். எஞ்சின் நிண்டு சாவி ஓனில கிடந்தால் ஒயில் லைற்றும் பற்றறி லைற்றும் எரியவேணும். ஒண்டுமே எரியேல்லை எண்டால் சாவிச் சுவிச்சு, பியூசிபிள் லிங்க் (பற்றறியடிப் பெரிய பியூஸ்), பற்றறி ரேமினல், அந்தப் பக்கம் போங்கோ. அந்த ரெண்டும் எரிஞ்சு, சாவியை ஓஃப் பண்ணித் திரும்ப ஓன் பண்ணேக்கை செக் எஞ்சின் லைற் மட்டும் எரியேல்லை எண்டால் ஈசீயூவுக்குக் கரண்ட் போகேல்லை. ஈஎஃப்ஐ மெயின் ரிலேயையும் 15 அம்பியர் ஈஎஃப்ஐ பியூசையும் பாக்கவேணும்.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் நிண்டால் பிரேக் பூஸ்ரரில மிச்சம் இருக்கிற வக்கூம் ஒண்டு ரெண்டு மிதிக்குத்தான் காணும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியா அமத்தி ஓரங்கட்டுங்கோ. சாவியைப் பின்னுக்கு முழுக்கத் திருப்பினால் ஸ்ரேரிங் பூட்டும்.

தீவான்:
சூட்டில நிக்கிறது, ஆறினால் ஓடுறது. இது வேப்பர் லொக், பைப்புக்குள்ள பெற்றோல் ஆவியாகி அடைக்கிறது. பெற்றோல் பைப்பில ஈரத்துணி சுத்திப் பாருங்கோ. ராங்க் மூடியையும் ஒருக்கால் பாருங்கோ. காத்து உள்ளை போற துவாரம் அடைச்சால் ராங்குக்குள்ள வக்கூம் பிடிக்கும், பம் இழுக்கேலாமல் போகும். நிண்ட உடனை மூடியைத் திறக்க புஸ் எண்டு காத்து உள்ளை இழுபட்டால் பிழை அதுதான்.

வலிகாமம் வயர்மன்:
மூடி விசயம் சரி, செலவில்லாத சோதினை, செய்யட்டும். ஆனால் வேப்பர் லொக் எண்டது காபரேற்றர் காருகளின்ரை வருத்தம். அதுகளில பம் எஞ்சின் பக்கத்தில இருந்து பெற்றோலை இழுக்கும், இழுபடுற பைப்பில அமுக்கம் குறையும், சூட்டில கொதிக்கும். 5ஏ-எஃப்ஈயில பம் ராங்குக்குள்ள கிடந்து தள்ளுது. பெற்றோல் அமுக்க ரெகுலேற்றரின்ரை வக்கூம் ஹோஸைக் கழட்டி அளந்தால் 38 முதல் 44 பிஎஸ்ஐ வரும், ஐடிலில ஹோஸ் போட்டபடி 31 முதல் 37. அந்த அமுக்கத்தில, திரும்புற பைப்பால மிச்சப் பெற்றோல் ராங்குக்குப் போய்க்கொண்டிருக்கேக்கை, ஓடுற ஓட்டத்தில ஆவி கட்டிச் சாவி ஓஃப் பண்ணினமாதிரி நிக்காது. மிஞ்சி மிஞ்சிப்போனால் நிப்பாட்டின காரை வெயிலில விட்டு எடுக்கேக்கை கொஞ்சம் மக்கர் பண்ணும். அதோடை பெற்றோல் குறைஞ்சு நிக்கிற கார் முதலில இழுபடும், துள்ளும், அக்சிலேற்றர் மிதிக்க மிதிக்கச் சோரும். இவர் சொல்லுறது அந்த மரணமில்லை.

நாவற்குழியான், கோட் (ஈசீயூ பதிஞ்சு வைச்சிருக்கிற பிழை நம்பர்) வாசியுங்கோ. ஸ்கானர் தேவையில்லை. பொனற்றுக்குள்ள டயக்னோசிஸ் எண்டு எழுதின கறுப்பு மூடிப் பெட்டி இருக்கு. மூடியின்ரை உள்பக்கத்தில பின்னின்ரை பேர் இருக்கும். ரீஈ1க்கும் ஈ1க்கும் வயர்த்துண்டைப் போட்டு, எஞ்சினை எடுக்காமல் சாவியை ஓனில விடுங்கோ. செக் எஞ்சின் லைற் செக்கனுக்கு ரெண்டுதரம் சீராச் சிமிட்டினால் கோட் இல்லை. ஒருக்கால் சிமிட்டி, ஒண்டரைச் செக்கன் நிண்டு, மூண்டுதரம் சிமிட்டினால் அது 13. உங்களுக்கு வேண்டியது மூண்டு கோட்தான்:

12: ஸ்ரார்ட்டர் சுத்தேக்கை டிஸ்ரிபியூற்றரில (நாலு பிளக்குக்கும் பொறி பிரிச்சு விடுற சாமான்) இருந்து ஆர்பிஎம் சிக்னல் வரேல்லை.
13: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்கை அதே சிக்னல் அறுந்தது.
14: இக்னைற்றர் பொறி அடிச்சன் எண்டு திருப்பிச் சொல்லுற சிக்னல் ஈசீயூவுக்கு வரேல்லை.

மற்ற நம்பர் வந்தாலும் எழுதி வையுங்கோ. பற்றறியைக் கழட்டிப்போட்டு வாசிக்காதேங்கோ, கோட் அழிஞ்சுபோகும். பம் மாத்தேக்கை பற்றறி கழட்டி இருந்தால், அதுக்குப் பிறகு நிண்டதுதான் இப்ப பதிவில இருக்கும்.

மொறிஸ்1000:
காபரேற்றர் எண்டு சொன்னபடியால் ஒரு இடைச்செருகல். மொறிஸ் மைனர், ஏ40, கேம்பிரிட்ஜ் இன்னும் ஓடுற ஊர் இது, அவையளுக்கும் உதவும்.

பொயின்ற் (டிஸ்ரிபியூற்றருக்குள்ள கொயில் கரண்டை வெட்டுற தொடுமுனை) வைச்ச காரில சூடேறி நிக்கிறதுக்குப் பெரும்பாலும் மூண்டு இடம். முதலாவது கொண்டென்சர். பொயின்ற் வாய் நீலம் பாரிச்சு எரிஞ்சிருந்தால் அதை மாத்துங்கோ, பொயின்றை மட்டும் அராவி விடாதேங்கோ. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். இரண்டாவது கொயில். இப்ப கடையில வாறதில பாதி 1.5 ஓம் கொயில், கரண்டைக் குறைக்கிற பலாஸ்ற் றெசிஸ்ரரோடை பாவிக்கவேண்டியது. பழைய காரில பலாஸ்ற் இல்லை, அதுக்கு 3 ஓம் வேணும். 1.5ஐ நேரா 12 வோல்ற்றில குடுத்தால் அரை மணித்தியாலத்தில கை வைக்கேலாத சூடு, பிறகு பொறி இல்லை. வாங்கேக்கை மீற்றர் போட்டு அளந்து வாங்குங்கோ, பெட்டியில எழுதினதை நம்பாதேங்கோ.

மூண்டாவதை ஆரும் தேடுறேல்லை. டிஸ்ரிபியூற்றருக்குள்ள பொயின்றுக்குப் போற மெல்லிய வளையுற வயர். வக்கூம் அட்வான்ஸ் தட்டை இழுக்க இழுக்க அந்த வயர் வளைஞ்சு நிமிரும். மேல் உறை முழுசா இருக்கும், உள்ளுக்குக் கம்பி அறுந்திருக்கும். அக்சிலேற்றரை மிதிக்கேக்கை அல்லது விடேக்கை மட்டும் நிண்டால் முதல் அதை மெதுவா இழுத்துப் பாருங்கோ. ரப்பர்மாதிரி நீண்டால் உள்ளை ஒண்டும் இல்லை.

எஸ்யூ மின்சாரப் பெற்றோல் பம் உள்ள காரில காதே போதும். சாவி ஓனில நாலைஞ்சு தரம் ரிக் ரிக் எண்டு அடிச்சு ஓய்ஞ்சால் சரி. ஓயாமல் வேகமா அடிச்சால் இழுக்கிற பக்கம் காத்து வாங்குது, இல்லாட்டி ராங்க் வெறுமை. சத்தமே இல்லாட்டி பம்மின்ரை பொயின்றைப் பாருங்கோ.

90களில பெற்றோல் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடின காராய் இருந்தால், ராங்கை ஒருக்கால் இறக்கிக் கழுவின பிறகுதான் மற்றக் கதை.

நாவற்குழியான்:
எல்லாருக்கும் நன்றி. பாத்தது இது. முள் சட்டெண்டு பூச்சியத்துக்கு விழுகுது, கார் அப்ப 50இல உருண்டுகொண்டிருந்தது. ஒயில், பற்றறி லைற் ரெண்டும் எரிஞ்சது. ஓஃப் பண்ணி ஓன் பண்ண செக் எஞ்சினும் எரிஞ்சது. ராங்க் மூடியில சத்தம் இல்லை. கோட் 12, 13, அதோடை 22.

மெக்கானிக் சொல்லுறார், நிண்ட நேரம் பின் சீற்றுக்குக் கீழை காது வைச்சுக் கேட்டவராம், சாவியை ஓனில விட பம் சத்தம் இல்லையாம். அப்ப புதுப் பம்மும் பழுதோ?

வலிகாமம் வயர்மன்:
பம் பழுதில்லை. அங்கைதான் கனபேர் வழி தவறிறது. இந்த எஞ்சினில பம்மை ஓடவிடுறது சேக்கிற் ஓப்பினிங் ரிலே. அந்த ரிலேயைப் பிடிச்சு வைச்சிருக்கிறது ஈசீயூ. ஆர்பிஎம் சிக்னல் வந்தால்தான் ஈசீயூ பிடிக்கும். சிக்னல் போனால் எஞ்சின் நிண்டுபோச்சு எண்டு நினைச்சுப் பம்மை விட்டுடும், பொறியையும் நிப்பாட்டும், இஞ்ஜெக்ரரையும் நிப்பாட்டும். ஒரு மெல்லிய வயர் போனால் மூண்டும் ஒண்டாச் சாகும். பம் சத்தம் இல்லை எண்டு பம்மை மாத்துறது அதாலைதான். 14 வந்தாலும் உப்பிடித்தான், இக்னைற்றர் பதில் சொல்லாட்டி ஈசீயூ பெற்றோலை வெட்டும்.

நிண்ட நேரம் அந்த டயக்னோசிஸ் பெட்டியில +பிக்கும் எஃப்பிக்கும் வயரைப் போட்டு, ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை ஓனில விடுங்கோ. பம் ஓடும், ஃபில்ற்றர் ஹோஸ் கையில விறைக்கும். ஓடினால் பம்மும் அதின்ரை வயரும் நல்லம். அந்த வயர்த்துண்டுக்குப் பதிலா மீற்றரை 10 அம்பியர் நிலையில வைச்சால் பம் இழுக்கிற கரண்டும் தெரியும். 3 முதல் 6 அம்பியர் சாதாரணம். அதை விட மேலை போனால் பம் இறுகுது, இல்லாட்டி ஃபில்ற்றர் அடைப்பு.

அதே நேரம் முதலாம் சிலிண்டர் பிளக் வயரைக் கழட்டி, கிளிப் போட்ட பழைய பிளக்கில குத்தி, கிளிப்பை எஞ்சின் இரும்பில கடிக்க விட்டு ஸ்ரார்ட்டரைச் சுத்துங்கோ. பொறி இருக்கா எண்டு சொல்லுங்கோ. வயரைக் கையில பிடிக்காதேங்கோ.

பிறகு முக்கியமானது. டிஸ்ரிபியூற்றரின்ரை சிக்னல் சொக்கற்றைக் கழட்டி, தண்டு சுத்துறதைப் பாத்துச் சிக்னல் குடுக்கிற ரெண்டு பிக்கப் கொயிலையும் (என்ஈ ஆர்பிஎம்முக்கு, ஜீ சிலிண்டர் நிலைக்கு) அளவுங்கோ. என்ஈ கொயில் குளிரில 370 முதல் 550 ஓம், சூட்டில 475 முதல் 650. ஜீ கொயில் குளிரில 185 முதல் 275, சூட்டில 240 முதல் 325. நிண்ட உடனை, ஆற விடாமல். ஆறினால் கம்பி திரும்ப முட்டிக்கொள்ளும், மீற்றர் சரியாக் காட்டும்.

பண்ணைக்காற்று:
கொயிலைக் குற்றம் சாட்ட முதல் சொக்கற்றைப் பாருங்கோ. 30 வருசக் கார், பிளாஸ்ரிக் லொக் உடைஞ்சிருக்கும், பெண் பின் விரிஞ்சிருக்கும். ஐடிலில ஓடவிட்டு டிஸ்ரிபியூற்றர் சொக்கற்றில இருந்து வயர்க்கட்டு வழியா நாலு விரல் நாலு விரலா ஆட்டிக்கொண்டு போங்கோ. எந்த இடத்தில எஞ்சின் இருமுதோ அங்கை நில்லுங்கோ. இந்தச் சிக்னல் வயருக்குச் சுத்திவர உறைக்கம்பி இருக்கு. ஆரும் அதை வெட்டி டேப் சுத்தியிருந்தால் கொயில் வயரின்ரை இரைச்சல் சிக்னலில ஏறும்.

ஏர்த்தும். பண்ணைப் பாலம், சங்குப்பிட்டி, தீவுப் பக்கம் தினம் ஓடுற காருகளில பற்றறி நெகற்றிவ் வயரின்ரை எஞ்சின் பக்கத்து லக்கு உப்புக்காத்தில பச்சை பூத்துக் கிடக்கும். மீற்றரை டிசி வோல்ற்றில வைச்சு, ஒரு நுனி பற்றறி நெகற்றிவ் முளையிலை (ரேமினலில இல்லை, ஈய முளையிலையே), மற்ற நுனி எஞ்சின் இரும்பிலை. ஸ்ரார்ட்டர் சுத்தேக்கை 0.5 வோல்ற்றுக்கு மேலை காட்டினால் ஏர்த் கழட்டி, தேச்சு, கிறீஸ் பூசிப் போடவேணும். எஞ்சின் ஓடேக்கை 0.1க்கு உள்ளை இருக்கவேணும். ஓம் நிலையில வைச்சு ஏர்த்தை அளக்கிறது பிரயோசனமில்லை. ஒரு கம்பி இழை மிஞ்சி இருந்தாலும் பூச்சியம் காட்டும்.

கோண்டாவில் ரேடியேற்றர்:
22ஐ ஒருத்தரும் கவனிக்கேல்லை. அது தண்ணிச் சூட்டு சென்சர். இவற்ரை சடுதி மரணத்துக்கு அது காரணமில்லை, ஆனால் சும்மா விடக்கூடாது. எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. அதையே வருசக்கணக்கா ரேடியேற்றருக்கு ஊத்தினால் சென்சர் முனையில வெள்ளைக் கட்டி படியும், பின்னும் பச்சை பிடிக்கும். 20 பாகையில 2 முதல் 3 கிலோஓம், 80 பாகையில 200 முதல் 400 ஓம் வரவேணும். வயர் அறுந்தால் ஈசீயூ தண்ணி 80 பாகை எண்டு தானே எடுத்துக்கொள்ளும், காலமைக் குளிரில எடுக்கக் கஷ்டப்படும். அறாமல் பிழையாக் குளிர் எண்டு காட்டினால்தான் கரைச்சல், பெற்றோலை அள்ளி ஊத்தும், சந்தியில நிக்கேக்கை மூச்சுத் திணறி நிக்கும், கறுப்புப் புகை வரும்.

சந்தியில, லைற்றில வேகம் குறைச்சு வரேக்கை மட்டும் நிக்கிற காருக்கு இந்த இழையில சொன்ன டிஸ்ரிபியூற்றர் வேலை ஒண்டும் தேவையில்லை. திறொட்டில் பொடியையும் ஐடில் வால்வையும் கழட்டிக் கரி கழுவுங்கோ, மப் சென்சருக்கு (எஞ்சின் இழுக்கிற வக்கூமை அளக்கிறது) போற மெல்லிய வக்கூம் ஹோஸ் வெடிச்சிருக்கா பாருங்கோ. அந்த ஹோஸ் கழண்டால் ஈசீயூ முழுப் பாரம் எண்டு நினைச்சு ஊத்திக் கவுக்கும்.

ரேடியேற்றருக்கு வடிச்ச தண்ணியும் கூலன்ரும் சரிபாதி. மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தினாலும் கிணத்துத் தண்ணியை விட எவ்வளவோ மேல்.

நாவற்குழியான்:
இண்டைக்குக் கொடிகாமத்தில நிண்டது, சாமான் எல்லாம் கையில இருந்தது.
பிளக்கில பொறி இல்லை.
+பி, எஃப்பி போட பம் ஓடினது, 4.2 அம்பியர்.
என்ஈ கொயில்: மீற்றர் ஒண்டும் காட்டேல்லை, திறந்து கிடக்கு. ஜீ 290.
டிஸ்ரிபியூற்றரில ஈரத்துணி போட்டு, கொஞ்ச நேரத்தில திரும்ப அளக்க என்ஈ 510. உடனை ஸ்ரார்ட் ஆச்சு.
சொக்கற் பின் இறுக்கமா இருக்கு. ஏர்த் ஸ்ரார்ட்டரோடை 0.3.

வலிகாமம் வயர்மன்:
முடிஞ்சுது. என்ஈ கொயிலின்ரை சுத்துக்கம்பி உள்ளுக்கு அறுந்து, சூட்டில விரிஞ்சு விலகுது. ஈசீயூ வாங்கியிருந்தால் அதைப் பூட்டினபிறகும் கொடிகாமத்திலதான் நிண்டிருக்கும்.

பிக்கப்பைத் தனியா மாத்தலாம், ஆனால் தண்டைக் கழட்டி, பின் அடிச்சு எடுக்கிற வேலை. இங்கை நடைமுறையில முழு டிஸ்ரிபியூற்றரும் பழசா எடுக்கிறதுதான். எடுக்கேக்கை சொக்கற்றின்ரை பின் எண்ணிக்கையும் கொயில், இக்னைற்றர் உள்ளுக்கோ வெளியிலோ எண்டதும் உங்கடையதோடை ஒத்துவரவேணும். 5ஏயில ரெண்டு மாதிரியும் வந்தது. கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கோ. உள்ளை ஒயில் நனைஞ்சிருந்தால் தண்டுச் சீல் போயிற்று, வேண்டாம். தண்டைப் பக்கவாட்டில ஆட்டினால் அசையக்கூடாது. மீற்றரால ரெண்டு பிக்கப்பும் அளந்து, பிறகு ஹெயார் ட்றையரால அஞ்சு நிமிசம் சூடாக்கித் திரும்ப அளவுங்கோ. கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. குளிரில மட்டும் அளந்து வாங்கினால் இதே பிழையைத் திரும்பக் காசு குடுத்து வாங்கின மாதிரி.

கொயில் உள்ளை இருந்தால் அதையும்: பிரைமறி 1.1 முதல் 1.75 ஓம், செக்கண்டறி 9 முதல் 15.7 கிலோஓம்.

பூட்டுறது: முதலாம் சிலிண்டரை ரீடீசீக்கு (பிஸ்ரன் மேல் உச்சியில நிக்கிற இடம்) கொண்டுவந்து, ரோட்டர் முனை நிக்கிற இடத்தை உடம்பில கீறி வைச்சுக் கழட்டுங்கோ. கழட்டினபிறகு எஞ்சினைச் சுத்தாதேங்கோ. ஓ-ரிங்கைப் புதுசாப் போடுங்கோ. பழையதோடை பூட்டினால் ஹெட் பக்கம் ஒயில் கசிஞ்சு கியர்பொக்ஸ் மேலை வடியும். பிக்கப் முனைக்கும் சிக்னல் பல்லுக்கும் இடையில 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர். பித்தளை ஃபீலர் கேஜ் பாவியுங்கோ, இரும்புக் கேஜ் காந்தத்தில ஒட்டிப் பிழையாக் காட்டும். ஃபயரிங் (பொறி அடிக்கிற ஒழுங்கு) 1-3-4-2.

லெஃப்ற்றில வண்டி:
இடையில குறுக்கிடுறன். டொல்பின் ஹைஏஸ், டீசல். இதுவும் ஓடேக்கை நிக்குது. இதே மாதிரிப் பாக்கலாமோ?

மொறிஸ்1000:
டீசலில பொறி இல்லை, வழி வேறை. இஞ்ஜெக்ஷன் பம்மின்ரை தலையில இருக்கிற கட்-ஓஃப் சொலினொயிட்டுக்குச் சாவி ஓனில 12 வோல்ற் வருதா பாருங்கோ. வயரைக் கழட்டித் தொட்டால் டக் எண்டு சத்தம் வரவேணும். நிண்ட நேரம் வோல்ற் இல்லாட்டி சாவிச் சுவிச்சும் பியூசும். வோல்ற் இருந்தால் காத்து. ஃபில்ற்றருக்கும் இஞ்ஜெக்ஷன் பம்முக்கும் இடையில கண்ணாடிபோலை தெரியுற பிளாஸ்ரிக் ஹோஸ் ஒரு சாண் போட்டு ஓடவிடுங்கோ, குமிழி தெரியும். கூடுதலாக் காத்து வாங்குறது ஃபில்ற்றர் மேலை இருக்கிற கைப்பம்மின்ரை ரப்பர். மிச்சத்துக்குப் புது இழை திறவுங்கோ, இது கலங்கும்.

நாவற்குழியான்:
பூட்டியாச்சு. சூடாக்கி அளந்துதான் எடுத்தது, என்ஈ 560. ரைமிங்கை (பொறி அடிக்கிற நேரம்) ரைமிங் லைற்றால வைக்கேக்கை குறி நிலையா நிக்குதில்லை, 10க்கும் 16க்கும் இடையில ஆடுது. டிஸ்ரிபியூற்றர் பழசு எண்டதாலையோ?

வலிகாமம் வயர்மன்:
ரீஈ1, ஈ1 வயர் போட்டோ பாத்தனீங்கள்? அது இல்லாமல் பாத்தால் ஈசீயூ தன்ரை பாட்டில அட்வான்ஸைக் கூட்டிக் குறைக்கும், ஆடத்தான் செய்யும். எஞ்சின் சூடு, ஏசி ஓஃப், வயர் போட்டு, ஐடிலில 10 பாகைக்கு வைச்சு போல்ற்றை இறுக்குங்கோ. இறுக்கினபிறகு இன்னொருக்கால் பாருங்கோ, இறுக்கேக்கை டிஸ்ரிபியூற்றர் கொஞ்சம் நகரும். வயரை எடுத்தால் குறி 10ஐத் தாண்டி முன்னுக்கு ஏறும், அது சரி. வயர் போட்டும் ஆடினால்தான் தண்டு அல்லது ரைமிங் பெல்ற்.

கடைசியா ஈஎஃப்ஐ பியூசை அரை நிமிசம் கழட்டிப் போட்டுக் கோட்டை அழியுங்கோ. சென்சரையும் மாத்தின பிறகு ஒரு கிழமை ஓடிப்போட்டு வாசிச்சால் 22 போட்டுதோ எண்டு தெரியும்.

நாவற்குழியான்:
வயர் போடாமல்தான் பாத்தது. இப்ப போட்டுப் பாக்க 12இல அசையாமல் நிண்டது, 10க்கு இறக்கி இறுக்கியாச்சு. சென்சருக்குச் சொல்லி வைச்சிருக்கு.